ஓடும் காரில் இணையம்

இன்று நம் சட்டைப்பையில் அடங்கிவிடும் செல்பேசிக்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு. அவன் பிறந்து வளர்ந்த இடம் கார். 1946ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், அமெரிக்க நாட்டின் செயின்ட் லூயி நகரில், ஓடும் மோட்டார் வண்டியிலிருந்தபடியே பேசக்கூடிய தொலைபேசிச் சேவை தொடங்கப்பட்டது. அக்கருவியின் எடை ஏறத்தாழ 36 கிலோகிராம்! அவ்வளவு பெரிய சுமையைத் தூக்கிச் செல்லவும், அதற்கு வேண்டிய மின்சாரத்தை ஊட்டவும் காரினால்தான் முடிந்தது. கையில் பிடித்துப் பேசும் செல்பேசியின் முதல் அழைப்பு அதற்கு 27 ஆண்டுகளுக்குப் பின்னர், 1973 ஏப்ரல் 3 அன்றுதான் நிகழ்ந்தது.

இப்பொழுது காரில் பேச்சு மட்டும் நமக்குப் போதுவதில்லை, இணையமும் வேண்டியிருக்கிறது. முன்னிருக்கையில் வழி காட்டும் வரைபடம் வேண்டும். பின்னிருக்கையில் மகள் பாடம் பார்க்க வேண்டும். தாத்தாவுக்குச் செய்தி, பாட்டிக்குப் பாட்டு. இவ்வளவும் காரில் ஏறியவுடன், தொல்லையின்றிக் கிடைக்க வேண்டும். கடைக்குப் போனால் பலவகைக் கருவிகளை எடுத்து வைக்கிறார்கள். எதை வாங்குவது? காரில் எங்கே வைப்பது? வாங்கி வைத்த பின்னும் சில இடங்களில் படம் அசையாமல் நின்றுவிடுவது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை காண, காருக்குள் இணையம் எப்படி வந்து சேர்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

தெருக்குழாயும் வீட்டுக்குழாயும்

வீட்டில் இணையம் பெரும்பாலும் கம்பி வழியாகவோ கண்ணாடி இழை வழியாகவோ வருகிறது. அதன் முனையில் உள்ள ரவுட்டர் என்னும் கருவி, வந்த இணையத்தை வைஃபை அலைகளாக அறைகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. ஓடும் கார் கம்பியை இழுத்துக்கொண்டு போக முடியாது அல்லவா? ஆகவே காரில் இரண்டு கம்பியில்லா இணைப்புகள் தேவைப்படுகின்றன.

முதலாவது, வெளி இணைப்பு. இது செல்பேசிக் கோபுரத்திற்கும் காரில் உள்ள கருவிக்கும் இடையே நிகழ்வது. இதன் நீளம் சில நூறு மீட்டராகவும் இருக்கலாம்; பல கிலோமீட்டராகவும் இருக்கலாம். இரண்டாவது, உள் இணைப்பு. இது அக்கருவிக்கும் பயணிகளின் கையில் உள்ள செல்பேசிகளுக்கும் இடையே வைஃபை வழியாக நிகழ்வது. காருக்குள் இதன் நீளம் 3 மீட்டருக்கு மேல் போகாது.

இதைத் தண்ணீருக்கு ஒப்பிடலாம். வெளி இணைப்பு தெருக்குழாய். உள் இணைப்பு வீட்டுக்குழாய். வீட்டுக்குள் எத்தனை குழாய்களைப் பொருத்தினாலும், தெருக்குழாயில் நீர் வந்தால்தான் அவற்றில் நீர் வரும். காரிலும் அப்படியே. 3 மீட்டர் தூரத்திற்குள் வைஃபை தடைபடுவது மிக அரிது. தடங்கல் என்று ஒன்று வந்தால் அது பெரும்பாலும் வெளி இணைப்பில்தான் இருக்கும்.

உங்கள் செல்பேசியில் வைஃபைக் குறி நிறைந்து நிற்கிறது. ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. இந்த அனுபவம் உங்களுக்கும் ஏற்பட்டிருக்கலாம். அந்தக் குறி உள் இணைப்பின் வலிமையை மட்டுமே காட்டுகிறது. கோபுரத்தோடு உள்ள தொடர்பைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. இதை அறியாதவர்கள், விலை உயர்ந்த வைஃபைக் கருவியை வாங்கிப் பணத்தை வீணாக்குகின்றனர். செலவும் கவனமும் தேவைப்படுவது வெளி இணைப்புக்கே என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

இரும்புக் கூடும் கண்ணாடி வாசலும்

1836ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே என்னும் அறிவியலறிஞர் உலோகத்தால் போர்த்தப்பட்ட ஓர் அறையை அமைத்தார். அறையின் வெளிப்புறத்தில் உயர் மின்னழுத்தத்தைப் பாய்ச்சியபோதும், உள்ளே அதன் விளைவு காணப்படவில்லை. உலோகக் கூடு மின்புலத்தை உள்ளே விடுவதில்லை. ரேடியோ அலைகளும் மின்புலமும் காந்தப்புலமும் கலந்த அலைகளே. ஆதலால் உலோகச் சுவர் அவற்றையும் தடுத்துவிடுகிறது.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு செல்பேசியை அலுமினியத் தாளில் இடைவெளி இல்லாமல் இரண்டு மூன்று சுற்றுகள் சுற்றி, மற்றொரு செல்பேசியிலிருந்து அதை அழையுங்கள். பெரும்பாலும் மணி ஒலிக்காது. தாளை ஒரு பக்கம் சற்று விரித்துவிட்டு மறுபடியும் அழையுங்கள். மணி ஒலிக்கக்கூடும். அலை நுழைவதற்கு ஒரு வாசல் போதும்!

காரும் இத்தகைய உலோகக் கூடுதான். அதன் வாசல்கள் கண்ணாடிச் சன்னல்கள். வாசலின் அகலம் அலைநீளத்தைவிடப் பெரிதாக இருந்தால் அலை எளிதில் நுழையும். செல்பேசி அலைகளின் நீளம் எவ்வளவு? ரேடியோ அலை நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். 1800 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். 5ஜி சேவையில் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 9 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. கார்ச் சன்னல் இவை எல்லாவற்றையும்விட அகலமானது. எனவேதான் காருக்குள் நம் செல்பேசி வேலை செய்கிறது.

ஆனால் எல்லாக் கண்ணாடியும் ஒன்றல்ல. வெயிலின் வெப்பத்தைத் திருப்பியனுப்புவதற்காகச் சில கண்ணாடிகளில் மிக மெல்லிய உலோகப் படலம் பூசப்பட்டிருக்கும். கண்ணுக்கு அது தெரியாது. ரேடியோ அலைக்கோ அது ஒரு சுவர். அத்தகைய கண்ணாடி பொருத்திய காரில், உள்ளே வைத்த கருவிக்குக் கிடைக்கும் அலையின் வலிமை வெகுவாகக் குறைந்துவிடும்.

இதற்குப் பரிகாரம் கூரையின்மேல் ஏரியல் பொருத்துவதாகும். சுறா மீனின் துடுப்பைப் போலச் சில கார்களின் கூரையில் காணப்படும் சிறு மேடு இதற்காக அமைந்ததே. அங்கே அதற்கு நாற்புறமும் திறந்த வெளி கிடைக்கிறது. உள்ளே இருந்தபோது தடையாக இருந்த அதே உலோகக் கூரை, ஏரியல் மேலே சென்றவுடன் அதற்குத் துணையாகிவிடுகிறது. அலைநீளத்தில் கால் பங்கு உயரமுள்ள எளிய ஏரியலுக்கு அடியில் ஓர் உலோகத் தளம் தேவை. கார்க்கூரை அத்தளமாக அமைகிறது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அந்தக் கால் பங்கு 8 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம்.

கூரை ஏரியல் இல்லாதவர்கள் கருவியைச் சன்னல் விளிம்பின் மட்டத்திற்கு மேலே வைப்பது நலம். இருக்கைக்கு அடியில் வைத்தால் அதைச் சுற்றிலும் உலோகம் சூழ்ந்துவிடும்.

கோபுரம் விட்டுக் கோபுரம்

இனி, கார் ஓடுவதால் என்ன நேர்கிறது என்று பார்ப்போம். 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒரு கருத்து உருவாயிற்று. ஊர் முழுமைக்கும் ஒரே பெரிய கோபுரத்தை வைப்பதற்கு மாறாக, ஊரைத் தேன்கூட்டு அறைகளைப் போலப் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் ஒரு சிறு கோபுரத்தை வைத்தால் என்ன? இந்த அறைகளுக்குச் ‘செல்’ என்று பெயர். செல்பேசி என்ற பெயர் வந்ததும் இதனால்தான்.

உங்கள் கார் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று கொள்வோம். அதாவது நொடிக்கு 25 மீட்டர். 2 கிலோமீட்டர் அகலமுள்ள ஓர் அறையைக் கடக்க அதற்கு 80 நொடிகள் போதும். ஒன்றரை நிமிடத்திற்குள் அடுத்த கோபுரத்தின் எல்லை வந்துவிடுகிறது. நீங்கள் அறியாமலே உங்கள் கருவி, அண்டையிலுள்ள கோபுரங்களின் அலைகளை அளந்துகொண்டே இருக்கிறது. தன் கோபுரத்தின் அலை மெலிந்து, அடுத்ததன் அலை வலுப்பெறும்போது, இணைப்பு அடுத்த கோபுரத்திற்குக் கைமாற்றப்படுகிறது. தொடர் ஓட்டத்தில் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குக் கோல் மாறுவதைப் போன்றது இது.

வேகத்தால் அலையின் அதிர்வெண் மாறாதா என்று இயற்பியல் பயிலும் மாணவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் உயர்ந்தும், விலகிச் செல்லும்போது தாழ்ந்தும் ஒலிப்பது டாப்ளர் விளைவு. ரேடியோ அலைக்கும் அது உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரில், 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் அதிர்வெண் மாறுவது அதிக அளவாக 167 ஹெர்ட்ஸ் மட்டுமே. 4ஜி முறையில் அடுத்தடுத்த சிறு அலைகளுக்கு இடையே விடப்பட்டுள்ள இடைவெளி 15,000 ஹெர்ட்ஸ். அதில் இந்த மாற்றம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்திலும் தொடர்பு அறாதவாறு 4ஜி வகுக்கப்பட்டுள்ளது. ஆகவே காரின் வேகத்தைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

பின் எதைக் குற்றம் சொல்வது? தூரம், மலை, கூட்டம் ஆகிய மூன்றையும் சொல்லலாம். கோபுரத்திலிருந்து விலக விலக அலை மெலிகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுவது போன்ற மலைப்பாதைகளில், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு மலைச்சரிவு நமக்கும் கோபுரத்துக்கும் இடையே வந்து நிற்கக்கூடும். கூட்டமோ இன்னொரு வகை. ஒரு கோபுரம் தரக்கூடிய இணையத்திற்கு ஓர் அளவு உண்டு. அதை அங்குள்ள எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். திருவிழா நாளில் சாலையில் வரிசையாக நிற்கும் கார்களில், அலை வலுவாக இருந்தும் படம் திக்குவதற்கு இதுவே காரணம்.

எந்த வழி ஏற்றது?

காரில் வைஃபை அமைக்க மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, ஒருவரது செல்பேசியையே ஹாட்ஸ்பாட்டாக மாற்றி மற்றவர்களுக்குப் பகிர்ந்தளிப்பது. இதற்குத் தனிச் செலவு இல்லை. எப்போதாவது பயணம் செய்பவர்களுக்கு இதுவே போதும். ஆனால் அந்தச் செல்பேசி விரைவில் சூடேறும். அதன் மின்கலமும் சீக்கிரம் தீரும்.

இரண்டாவது, தனி சிம் அட்டை கொண்ட சிறு ரவுட்டரைக் காரில் வைப்பது. அடிக்கடி குடும்பத்தோடு செல்பவர்களுக்கும், வாடகைக் கார் ஓட்டுபவர்களுக்கும் இது வசதியானது. ஒரு முறை பெயரையும் கடவுச்சொல்லையும் பதிந்துவிட்டால், பிறகு காரில் ஏறியவுடன் செல்பேசிகள் தாமே இணைந்துகொள்ளும். இந்த சிம் அட்டையை, உங்கள் செல்பேசியில் உள்ள நிறுவனத்தினதாக இல்லாமல் வேறொரு நிறுவனத்தினதாக வாங்குங்கள். ஒன்றன் கோபுரம் இல்லாத இடத்தில் மற்றதன் கோபுரம் கை கொடுக்கக்கூடும். விலை உயர்ந்த கருவியைவிட இந்தச் சிறு யோசனை மிகுந்த பயன் தரும்.

மூன்றாவது, தொழிற்சாலையிலேயே இணைய வசதியுடன் வரும் கார். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014ஆம் ஆண்டிலிருந்து தன் கார்களில் 4ஜி வைஃபை வசதியை அளிக்கத் தொடங்கியது. இந்தியாவிலும் உள்ளே சிம் பொருத்திய கார்கள் விற்பனைக்கு வந்துள்ளன. ஆயினும், அந்த இணைப்பு காரின் சொந்தத் தேவைக்கு மட்டுமா, பயணிகளுக்கும் வைஃபையாகப் பகிருமா என்பதை வாங்கும் முன் கேட்டறிவது நல்லது.

எந்த வழியாயினும், செலவாகும் தரவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு படம் நொடிக்கு 20 லட்சம் பிட் வீதம் வந்தால், ஒரு மணி நேரத்திற்கு 0.9 ஜிகாபைட் ஆகிறது. இரண்டு பிள்ளைகள் தனித்தனியே படம் பார்த்தால், நாளொன்றுக்கு 2 ஜிகாபைட் தரும் திட்டம் ஒரு மணி நேரம் சென்ற சற்று நேரத்திலேயே தீர்ந்துபோகும். வேண்டிய படங்களை வீட்டிலேயே பதிவிறக்கி எடுத்துச் செல்வதே சிக்கனம்.

மின்சாரமும் வெயிலும்

காரில் சிகரெட் பற்றவைப்பதற்கென்று அமைந்த குழியிலிருந்து 12 வோல்ட் மின்சாரம் எடுக்கலாம். சில கார்களில் சாவியை எடுத்தவுடன் இந்தக் குழியில் மின்சாரம் நின்றுவிடும். சிலவற்றில் நிற்காது. உங்கள் கார் எவ்வகை என்பதை, சாவியை எடுத்த பின் கருவியின் விளக்கு எரிகிறதா என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இது ஏன் முக்கியம்? 5 வாட் திறனுள்ள ஒரு ரவுட்டர், 12 வோல்ட்டில் ஏறத்தாழ 0.4 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கிறது. ஒரு நாள் முழுதும் இயங்கினால் அது 10 ஆம்பியர்-மணி. சிறிய காரின் பாட்டரி 35 ஆம்பியர்-மணி அளவினது என்றால், காரை நிறுத்திவிட்டு வெளியூர் சென்று மூன்று நாள் கழித்துத் திரும்புபவர், வண்டியைக் கிளப்ப முடியாமல் நிற்க நேரிடும். ஆகவே சாவியோடு அணையும் இணைப்பையே நாடுங்கள். நிரந்தரமாக வயர் இழுத்துப் பொருத்துவதானால், ஃபியூஸ் இல்லாமல் பொருத்த வேண்டாம். எங்கேனும் உராய்ந்து மின்கசிவு ஏற்பட்டால், கார் தீப்பற்றாமல் காப்பது அந்தச் சிறு ஃபியூஸ்தான்.

அடுத்தது வெயில். கண்ணாடி சூரிய ஒளியை உள்ளே விடுகிறது. ஒளியை ஏற்ற இருக்கைகளும் டாஷ்போர்டும் சூடாகிக் காற்றைச் சுடவைக்கின்றன. அடைபட்ட அக்காற்று வெளியேற வழி இல்லை. வெளியே 35 டிகிரி இருக்கும்போது, மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்திற்குள் 50 டிகிரியைத் தாண்டிவிடக்கூடும். வெயில் நேரே விழும் டாஷ்போர்டு இன்னும் அதிகமாகச் சுடும். செல்பேசியிலும் சிறு ரவுட்டர்களிலும் உள்ள லித்தியம் மின்கலம் இவ்வளவு வெப்பத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. 45 டிகிரிக்கு மேற்பட்ட இடத்தில் வைக்கவே கூடாது என்று செல்பேசி செய்வோர் எச்சரிக்கின்றனர். வெப்பத்தால் மின்கலம் உப்பும், ஆயுள் குறையும், மிகச் சில வேளைகளில் தீப்பற்றவும் கூடும்.

இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். அலை நன்றாகக் கிடைக்கும் இடம் முன் கண்ணாடியின் அடியில் உள்ள டாஷ்போர்டு. வெயில் மிகுதியாகச் சுடும் இடமும் அதுவே! மேலும், கோபுரம் தொலைவில் இருந்தால் கருவி தன் அலையை இன்னும் வலுவாக வீசுகிறது. அதனால் உள்ளிருந்தும் சூடு கிளம்புகிறது. என்ன செய்வது? மின்கலமே இல்லாமல், கார் மின்சாரத்தில் மட்டும் இயங்கும் ரவுட்டரைத் தேர்ந்தெடுக்கலாம். மின்கலம் உள்ள கருவியானால் ஓடும்போது குளிர்காற்று படும் நிழலான இடத்தில் வைத்து, இறங்கும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இணையம் இல்லாத இடத்தில்

எவ்வளவு நன்றாக அமைத்தாலும், அலை எட்டாத இடங்கள் வழியில் இருக்கவே செய்யும். அங்கே வழி தெரியாமல் திகைக்க வேண்டுமா? வேண்டியதில்லை. நாம் இருக்கும் இடத்தைச் சொல்வது இணையம் அன்று. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் அலைகளைப் பெற்று, செல்பேசி தானே இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. நான்கு செயற்கைக்கோள்களின் அலை கிடைத்தால் போதும். வரைபடம் மட்டுமே இணையத்திலிருந்து வருகிறது. புறப்படும் முன்பே செல்லவிருக்கும் பகுதியின் வரைபடத்தைப் பதிவிறக்கிக்கொண்டால், கோபுரமே இல்லாத காட்டுவழியிலும் உங்கள் இடத்தைக் காணலாம்.

ஆபத்து நேர்ந்தால் 112 என்ற எண்ணை அழையுங்கள். உங்கள் நிறுவனத்தின் அலை அங்கு இல்லாவிட்டாலும், வேறொரு நிறுவனத்தின் அலை இருந்தால் அதன் வழியே அந்த அழைப்பு செல்லும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல், புதிய வகைக் கார்களில் இதற்கெனத் தானியங்கிக் கருவி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பெரிய விபத்து நேர்ந்தால் கார் தானே 112ஐ அழைத்து, தான் இருக்கும் இடத்தைத் தெரிவித்துவிடும். கம்பியில்லா இணைப்பு உயிர் காக்கும் கருவியாவதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

அதே இணைப்பு உயிரைப் பறிக்கவும் கூடும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது. வந்த செய்தியைப் பார்க்க ஓட்டுநர் 3 நொடிகள் கண்ணைத் திருப்பினால், 60 மீட்டர் தூரம் கார் பார்வையின்றி ஓடுகிறது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், ஓட்டும்போது கைக்கருவியைப் பயன்படுத்துவதை அபாயகரமாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்தது. 2020ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட விதி, வழி அறிவதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் அதற்கு இடம் தருகிறது. ஆகவே வழியைப் புறப்படும் முன்பே பதிந்துவிடுங்கள். ஓட்டுநருக்குத் திசையைக் குரல் சொல்லட்டும். திரை பின்னிருக்கையோடு நிற்கட்டும்.

அடுத்த பயணத்தில் பின்னிருக்கையில் அமரும் மாணவர்கள் ஒரு சிறு வேலை செய்யலாம். தொடர்பு அறும் இடங்களைக் குறித்துக்கொண்டே வாருங்கள். அங்கே மலை மறைக்கிறதா, கோபுரம் தொலைவா, கூட்டம் மிகுதியா என்று காரணத்தையும் எழுதுங்கள். திரும்பி வரும் வழியில் அக்குறிப்பு மெய்யாகிறதா என்று சரிபாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அலைகளின் பாதை, உங்கள் தாளில் மெல்ல மெல்லப் புலப்படத் தொடங்கும்.